வசந்தாவுக்கு நேர் முடிதான் வேண்டும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கண்டி டவுனில் ஒரு லேடீஸ் சலூனில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்காக இல்லை. என் தலையில் மிச்சம் இருப்பதை எந்த ட்ரீட்மென்டும் ஒன்றும் செய்துவிட முடியாது என்று அதற்கும் எனக்கும் எப்போதோ ஒரு சமாதானம் ஏற்பட்டுவிட்டது.

வந்திருந்தது வசந்தாவுக்காக. பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, சுவரில் தொங்கிய போர்டை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். கெரட்டின், ரீபொன்டிங், ஸ்மூதனிங், ஹெயார் பொடொக்ஸ்... கீழே இன்னும் இரண்டு மூன்று பெயர்கள். எனக்கு வாயில் நுழையவில்லை.

"அக்கா, இதுல எது நல்லது?"

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அதைக் கலைக்க விரும்பாமல், யோசிக்கிறது மாதிரி போர்டைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"ஹெயார் பொடொக்ஸ்னா தலையில ஊசி போடுவாங்களா? ஊசின்னா நான் இப்பவே எந்திரிச்சுப் போயிருவேன்."

ஊசி என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் வசந்தா அதைச் சொன்ன விதத்தில் விளையாட்டு இல்லை.

வசந்தா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

டவுனில் ஒரு சாரிக் கடையில் வேலை செய்கிறாள். கெலிஓயாவிலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள் என்று அவளே சொல்வாள், நாம்தான் நம்பமாட்டோம். அந்தக் கடைக்கு நான் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவளிடம்தான் சாரி வாங்குகிறேன். மற்றவர்கள் சாரியை மேசையில் விரித்துக் காட்டுவார்கள். வசந்தா அப்படியில்லை. எடுத்த எடுப்பில் தன் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைப் பின்னல். அதைக் கையால் முன்னுக்கு எடுத்துப் போட்டுவிட்டு, முதுகில் முந்தானை எப்படி விழுகிறது என்று திரும்பிக் காட்டுவாள். என் அலுமாரியில் உள்ள சாரிகளில் பாதி, வசந்தாவுக்கு எடுப்பாக இருந்ததை நம்பி நான் வாங்கியவை. வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்த பிறகு உண்மை தெரியவரும்... அது வேறு கதை.

முந்தின வருடம் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. ஆபரேஷன். பிறகு கீமோ. பிறகு கதிர் சிகிச்சை. இப்படி மூன்று சொற்களில் எழுதிவிடலாம். அவள் அதைக் கடந்து வந்த பாதை அவளுக்குத்தான் தெரியும். கடை முதலாளி நல்ல மனிதர். அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை.

முடி முழுவதும் கொட்டியது. சிகிச்சை முடிந்தபின் திரும்ப முளைத்தது. ஆனால் திரும்பி வந்தது பழைய முடி இல்லை. அது சுருட்டை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சுருண்டு, எண்ணெய்க்கும் அடங்காமல், சீப்புக்கும் அடங்காமல் நின்றது. சிலருக்கு இப்படி வரும், போகப்போக மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதோடு நம் கண்டி காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் பனி, மத்தியானம் வெயில், பின்னேரம் மழை. கெலிஓயாவில் தண்ணீர் போட்டுச் சீவிக்கொண்டு கிளினிக்குக்கு பஸ் ஏறினால், பேராதனை தாண்டுவதற்குள் தலை இரண்டு மடங்காகிவிடுகிறது என்பாள்.

"உயிர் தப்புனதே பெரிசு. முடி என்ன முடி?"

எல்லோரும் அவளிடம் இதைத்தான் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், கோயிலில் கண்டவர்கள் சொன்னார்கள். நான் கொஞ்சம் நாகரிகமான ஆள் இல்லையா? அதனால் வேறு மாதிரிச் சொன்னேன்.

"சுருட்டை உனக்கு எடுப்பாத்தான் இருக்கு வசந்தா."

"அப்ப நீங்க எடுத்துக்குங்க அக்கா" என்றாள்.

பிறகு ஒருநாள், பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது முடியை நேராக்க நினைப்பதன் காரணத்தை அவளாகவே சொன்னாள்.

"அழகுக்கு இல்லக்கா. ரோட்டுல போனா நாலு பேரு கேக்குறாங்க. என்ன வசந்தா, முடிய வெட்டிட்ட? சுருட்டி பேர்ம் பண்ணுனியா? புது ஸ்டைலா? நான் என்ன சொல்ல? இல்லன்னு சொன்னா, அப்ப ஏன்னு கேக்குறாங்க. ஏன்னு சொன்னா அவங்க மூஞ்சி மாறிப்போகுது. அப்புறம் நான்தான் அவங்கள தேத்த வேண்டியிருக்கு. பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, எனக்கு ஒண்ணும் இல்ல, இப்ப நல்லாருக்கேன்னு. தெனமும் யாருக்காவது இதச் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முடி நேரா இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க. கட்டையா வெட்டிட்டேன்னு நெனச்சிக்கிட்டுப் போயிருவாங்க."

நமக்கு முடி என்றால் அழகு. அல்லது தலைவலி. ஒருத்திக்கு அது நெற்றியில் ஒட்டிய அறிவித்தலாக இருக்க முடியும் என்று நான் யோசித்ததில்லை.

சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவையாக, வருகிற திங்கட்கிழமை அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். கடையில் நாலு பக்கமும் கண்ணாடி. வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய வாடிக்கையாளர்கள். அவளுடைய பின்னலைப் பார்த்தே அவளை அடையாளம் வைத்திருக்கிறவர்கள். அதற்கு முன் முடியை நேராக்கிவிட வேண்டும். அதுதான் அந்தச் சனிக்கிழமையின் கதை.

அந்த முதல் சலூன் பளபளவென்று இருந்தது. வேலை செய்த பிள்ளை மிக மரியாதையான பிள்ளை. போனில் படங்கள் காட்டினாள். ட்ரீட்மென்டுக்கு முன், ட்ரீட்மென்டுக்குப் பின்.

"ரீபொன்டிங் செய்வோம் மிஸ். கண்ணாடி மாதிரி நேரா வரும். தண்ணி பட்டாலும் சுருளாது."

"ஏதும் கெடுதி இருக்கா?" என்று வசந்தா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல மிஸ். எல்லாரும் செய்றாங்க."

வசந்தா தன் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் இடித்தது. சொல்லலாமா? சொல்ல வேண்டியது அவளா, நானா? அதற்குள் வசந்தா எழுந்து, தலை கழுவுகிற பேசினில் கழுத்தை வைத்துச் சாய்ந்துவிட்டாள்.

அந்தப் பிள்ளை முடியை விரலால் பிரித்துப் பார்த்தாள். "இந்த இடத்துல ரொம்ப மெல்லிசா இருக்கே மிஸ். டயட் ஏதும் இருந்தீங்களா?"

அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனால் வசந்தா நிமிர்ந்துவிட்டாள். டவலைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தாள். அவசரமாக ஒரு போன் வந்தது, பிறகு வருகிறேன் என்றாள். அவள் போன் என் பையில் இருந்தது.

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். சனிக்கிழமைக் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. ஈரமான முன்முடி நெற்றியில் சுருண்டு ஒட்டியிருந்தது.

"வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டேன்.

"இல்ல. இன்னொரு எடம் இருக்குன்னு கடைப் பிள்ளைங்க சொன்னாங்க. மாடியில. ஒரு முஸ்லிம் அக்கா நடத்துறாங்களாம்."

படியேறினோம். சின்ன இடம். வாசலில் தடித்த திரை. உள்ளே இரண்டே கதிரைகள். நடத்துகிறவர் பெயர் ரிஸ்னா, அலவத்துகொட பக்கத்து ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். வேறு வாடிக்கையாளர்கள் இல்லாததால் தலையில் துணியின்றி, தன் முடியை ஒரு பென்சிலால் கொண்டை குத்தியிருந்தார்.

"இரிங்க அக்கா. என்ன செய்யணும்?"

"நேராக்கணும்."

ரிஸ்னா முடியைத் தொடவில்லை. முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"முந்தி ஏதும் கெமிக்கல் போட்டீக்கா? மருந்து ஏதும் எடுக்குறீங்களா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இது அவள் சொல்ல வேண்டியது.

"மருந்து எடுக்குறேன்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி, ஆபரேஷன், கீமோ, இப்போது தினம் குடிக்கிற குளிசை. குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ரிஸ்னா 'அல்லாஹ்வே' என்று நெஞ்சில் கை வைக்கவில்லை. ஐயோ பாவம் என்ற முகமும் இல்லை. "சரி" என்று தலையாட்டிவிட்டு எழுந்தார். பிடரியில் ஒரு சின்னக் கற்றையை எடுத்துத் தண்ணீர் தடவி, மெதுவாக இழுத்துப் பார்த்தார். சில முடிகள் இழுத்த இழுப்பில் அறுந்தன.

"அக்கா, நேரா சொல்றேன். ரீபொன்டிங் நான் செய்யமாட்டேன். அது முடிட உள்கட்டை ஒடச்சிட்டு நேராக்கித் திரும்ப ஒட்டுற வேல. இந்த முடி தாங்காது. கெரட்டின் அவ்வளவு கடுமை இல்ல, மேலால பூசி அயர்ன் பண்றது. ஆனா சூடு பண்ணக்குள்ள புகை வரும். சில போத்தல்ல ஃபோமலின் மாதிரி கூடாத சாமானும் ஈக்குது. பொடொக்ஸும் பேர்தான் வேற, ஊசி ஒண்டும் இல்ல. அதையும் சூட்டுலதான் புடிக்க வைக்கணும். உங்கட டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. அவங்க சரி எண்டா நான் செய்றேன்."

நியாயமான பேச்சு. ஒரு சலூன்காரர் வந்த வாடிக்கையாளரிடம் வேண்டாம் என்று சொல்வது சின்ன விஷயமா? எனக்கு நிம்மதியாக இருந்தது.

வசந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சத்தம் இல்லை. கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி, கண்ணீரைத் துடைக்காமல் இருந்தாள்.

"எல்லாரும் எனக்கு வேணாம் வேணாம்னே சொல்றீங்க" என்றாள். "அதச் சாப்பிடாத, இதத் தூக்காத, அங்க போகாத, வெயில்ல நிக்காத. எல்லாத்துக்கும் சரின்னேன். இவ்வளவு நாளா எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. உயிர் வேணும்னு கூட நான் கேக்கல, எங்க வீட்டுக்காரருதான் கேட்டாரு. இது ஒண்ண மட்டும்தான் நான் கேட்டேன்."

டாக்டர் சொன்னது சரி, ரிஸ்னா சொன்னது சரி, சொந்தக்காரர்கள் சொன்னதும் சரி. எல்லோரும் சரியாக இருக்கும்போது, ஒருத்தி தன் ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

ரிஸ்னா ஒரு டிஷ்யூவை நீட்டினார்.

"நான் வேணாம் எண்டு சொல்லல அக்கா. இண்டைக்கு வேணாம் எண்டுதான் சொன்னேன். திங்கக்கிழமைக்கு நேர் முடி வேணும், அவ்வளவுதானே? கெமிக்கல் இல்லாம, ஒழுங்கா ஷேப் பண்ணி வெட்டி, கழுவி, கிரீம் வச்சி, கொறஞ்ச சூட்டுல டிரையர் புடிச்சா நேரா வரும். ஆனா தண்ணி பட்டா போயிரும். அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

"கண்டியில தண்ணி படாம எப்படி இருக்குறது?" என்றாள் வசந்தா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அது நம்ம கையில இல்ல" என்றார் ரிஸ்னா. மூன்று பேருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

தலையைக் கழுவும்போது வசந்தா கண்ணை மூடியபடி பேசினாள். யாரிடம் என்று தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரிடமுமாக இருக்கலாம்.

"கீமோ நேரம் காலையில தலகாணி பூரா முடியா இருக்கும். அவரு எனக்கு முன்னாடி எந்திரிச்சி, ஒட்டுற டேப் துண்டு ஒண்ண வச்சி ஒத்தி ஒத்தி எடுப்பாரு. நான் பாத்துறக் கூடாதுன்னு. நான் முழிச்சித்தான் இருப்பேன். தூங்குற மாதிரிப் படுத்திருப்பேன். இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது."

அவர் என்றால் செல்வம், அவள் கணவன். ஹார்ட்வெயார் கடையில் வேலை. நான் அவரோடு பேசியதை எல்லாம் சேர்த்தாலும் பத்து வாக்கியம் தேறாது. முடியை நேராக்கப் போகிறேன் என்று வசந்தா சொன்னபோது கூட "செய்யணும்னா செய்" என்றாராம். அவ்வளவுதான்.

ரிஸ்னா தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கி, மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

வெட்டி, காயவைத்து, சீப்பால் இழுத்து இழுத்து டிரையர் பிடித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் கதிரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார்.

முடி நேராக இருந்தது. காதுக்குக் கீழே வந்து, தாடையோடு மெல்ல உள்ளே வளைந்து நின்றது. நன்றாகவே இருந்தது. மிக நன்றாக.

வசந்தா தலையை இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள். கை தானாகப் பின்னுக்குப் போய், இல்லாத பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போடப் பார்த்தது. பாதியில் நின்றது.

"பழைய வசந்தா வருவான்னு நெனச்சேன்" என்றாள். "இது வேற யாரோ."

"நல்லா இல்லையா அக்கா?" ரிஸ்னா கேட்டார்.

"நல்லாருக்கு. யாருன்னு பழகணும்."

போனைக் கேட்டு வாங்கி ஒரு படம் எடுத்து, செல்வத்துக்கு அனுப்பினாள். பதிலாகக் கட்டைவிரல் ஒன்று வந்தது. வசந்தா அதை என்னிடம் காட்டினாள்.

"இவ்வளவு நேரம் இருந்து செஞ்சிருக்கேன். மனுசன் ஒரு விரலத்தான் காட்டுறாரு."

ஆனால் படியிறங்கும்போது அந்த விரலை அவள் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

திங்கட்கிழமை, பிளவுஸ் துணி வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். காலை முழுவதும் நேர் முடி நின்றதாம். பெரிதாக யாரும் கேட்கவில்லையாம். மத்தியானம் சாப்பாட்டுக்கு ரோட்டைக் கடந்து போனவள் திரும்புகிறபோது, கண்டி மழை தன் வேலையைக் காட்டிவிட்டது. நான் போன நேரம் தலை பழையபடி சுருண்டு நின்றது. ஒரு கிளிப்பைப் போட்டு அடக்கிக்கொண்டு, மேசையில் சாரி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போயிருச்சு அக்கா" என்றாள். சோகமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அடுத்த கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டாள். இன்னும் சில மாதம் போகட்டும், முடி பலம் பிடிக்கட்டும், பிறகு மென்மையானதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்றாராம். போனில் எனக்குச் சொன்னபோது குரலில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"மாட்டேன்னு சொல்லலக்கா. பொறுன்னுதான் சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணில்லையே?"

ஒன்றில்லைதான்.

இப்போது நீங்கள் என்னிடமிருந்து ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். சுருட்டை முடியை அவள் நேசிக்கப் பழகிவிட்டாள், இயற்கையே அழகு என்று புரிந்துகொண்டாள், இனி சலூன் பக்கமே போகமாட்டாள் என்று நான் எழுத வேண்டும். மன்னிக்கவும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வசந்தாவுக்கு இன்றைக்கும் நேர் முடிதான் வேண்டும். ரிஸ்னாவிடம் கெரட்டினுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். ஏன் வேண்டும் என்று இப்போது நானும் கேட்பதில்லை. செத்துப்போவேனோ என்று பயந்து கிடந்த ஒருத்தி, முடி நிமிர்ந்து நிற்கிறதே என்று எரிச்சல்படுகிற அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். அதைவிடப் பெரிதாக ஒருத்தி குணமாக முடியுமா?

இந்த வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

புதன்கிழமை கடையில் இருந்தேன். ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கடுகண்ணாவையிலிருந்து வருகிறோம் என்றார் தாய். வீட்டில் ஏதோ கல்யாணம். மகளுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அந்த உக்கிரமான வெயிலில் காது மூடும்படி கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். புருவம் இருந்த இடத்தில் பென்சில் கோடு. சாரி எதையும் பார்க்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தா தாய்க்கு இரண்டு மூன்று சாரிகள் காட்டினாள். பிறகு ஒரு இளம்பச்சையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தாயை விட்டுவிட்டு மகளுக்கு நேராகப் போய் நின்றாள்.

"இது எப்படி இருக்கும்மா?"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். அவள் பார்வை சாரியில் நிற்கவில்லை. வசந்தாவின் தலைக்குப் போனது. கட்டையான, அடங்காத அந்தச் சுருட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆன்ட்டி... உங்க முடி..."

"ஆமாம்மா" என்றாள் வசந்தா. "எனக்கும் கொட்டி முளைச்சதுதான். சிலருக்கு மொதல்ல இப்படி வரும்."

தாய் கையிலிருந்த சாரியைக் கீழே வைத்தார். மகள் எழுந்து கிட்டே வந்தாள்.

"எனக்கு முந்தி நேர் முடி ஆன்ட்டி. இப்படி வந்தா என்ன பண்றது? நேராக்க முடியுமா?"

"முடியும். ஆனா ஒடனே ஓடிப் போயிறாத. டாக்டர்கிட்ட கேக்கணும், முடி பலம் பிடிக்கணும். கெரட்டின் வேற, ரீபொன்டிங் வேற, எல்லாம் நான் சொல்லித் தாறேன். நல்ல எடம் ஒண்ணு இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்."

"தொட்டுப் பாக்கட்டுமா?"

வசந்தா தலையைக் குனிந்து கொடுத்தாள். அந்தப் பெண் ஒரு சுருளை இழுத்து விட்டாள். அது திரும்பவும் சுருண்டு தன் இடத்துக்குப் போனது. இன்னொன்றை இழுத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். தாய் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாரி வாங்கினார்களா என்று கேட்கிறீர்களா? இரண்டு வாங்கினார்கள். ஒன்று தாய்க்கு, கல்யாணத்துக்கு. அந்த இளம்பச்சை மகளுக்கு, முடி வளர்ந்த பிறகு கட்டிக்கொள்ள.